எட்டில் ஒரு சர்வர்

“டெவ்ஆப்ஸ்னா என்னப்பா?” என்று நிர்வாகத்தில் யாராவது கேட்டால், மென்பொருளை எழுதுபவர்களும் அதை ஓட்டிப் பராமரிப்பவர்களும் சேர்ந்து வேலை செய்யும் முறை என்று சொல்லாமல், நம்மவர்கள் உடனே அந்தப் படுத்துக்கிடக்கும் எட்டு வடிவப் படத்தைத் திரையில் போட்டுவிடுகிறார்கள். ஜென்கின்ஸ், டாக்கர், குபர்னெட்டிஸ் என்று கருவிகளின் பெயர்களை அடுக்குகிறார்கள். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய், டெவ்ஆப்ஸ் இன்ஜினியர் இரண்டு பேர் தேவை என்று விளம்பரம் கொடுக்கிறார். முடிந்தது கதை.

படத்தை மூடிவிட்டு நைட் கேப்பிடல் விவகாரத்தைச் சொல்லுங்கள் என்பேன். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை தொடங்கவிருந்த ஒரு திட்டத்துக்காகப் புதிய நிரலை (கோட்) 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஆள் கையால் ஏற்றினார். 7-இல் ஏறியது, ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமே அங்கு இல்லை. விட்டுப்போன சர்வரில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற பழைய கோட் அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய கோடுக்கோ, அந்தப் பழசை இயக்கிய அதே ஃபிளாகையே, அதாவது ஒரு வசதியை இயக்கும் சுவிட்சையே, வைத்திருந்தார்கள். சந்தை திறந்தது, பழசு எழுந்துகொண்டது. ஆர்டர் நிறைந்ததும் நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005-இல் வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால் அதற்கு நிற்கத் தெரியவில்லை. 212 ஆர்டர்களுக்கு 40 லட்சம் வர்த்தகங்கள். 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

பதற்றத்தில் செய்ததுதான் கொடுமை. சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்து புதிய கோடை நீக்கினார்கள். ஃபிளாக் அப்படியே இருந்ததால் அவற்றிலும் பவர் பெக் ஓட ஆரம்பித்தது.

முதலாளியிடம் இதை “நிமிடத்துக்கு ஒரு கோடி டாலர்” என்று சொன்னால் போதும். ஒரு நாளைக்குப் பத்து முறை டெப்ளாய் செய்வோம், அதாவது புதிய கோடை சர்வரில் ஏற்றுவோம், என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவர் காதில் அது பத்து மடங்கு ஆபத்து என்றுதான் விழும். மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரு வரி மாற்றம் வாடிக்கையாளரைச் சேர எத்தனை நாள்? பத்து வெளியீட்டில் எத்தனை சொதப்புகின்றன? சொதப்பினால் எழுந்து நிற்க எவ்வளவு நேரம்?

டெவலப்பர்களுக்கு வேறு பேச்சு. எல்லா சர்வரிலும் ஒரே பில்டை (ஓட்டத் தயாராகத் தொகுத்த கோட்) ஸ்கிரிப்ட்தான் ஏற்ற வேண்டும், ஆள் கையால் அல்ல. ஏற்றியதும் ஒவ்வொரு சர்வரின் செக்சம்மையும் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டு, ஒன்று பொருந்தாவிட்டாலும் வாடிக்கையாளர் டிராஃபிக்கைத் திறக்கக் கூடாது. முதலில் ஒரே சர்வரில் விட்டு, கால் மணி நேரம் எர்ரர் எண்ணிக்கையைப் பாருங்கள். பழைய ஃபிளாக் பெயர் செத்தது செத்ததுதான், மறுபடி எடுக்காதீர்கள். ரோல்பேக்கை, அதாவது பழைய வெளியீட்டுக்குத் திரும்புவதை, ஒத்திகை பாருங்கள். பெரும்பாலும் அது டேட்டாபேஸில்தான் மாட்டும். டேபிளில் புதிய நெடுவரிசையை (column) சேர்ப்பது ஒரு வெளியீடு, கோட் அதைப் பயன்படுத்தும்படி மாற்றுவது அடுத்தது, பழைய நெடுவரிசையை நீக்குவது அதற்கும் பிறகு. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் திரும்பி வர வழி கிடையாது.

எச்சரிக்கை மெயிலை நம்பி இருப்பவர்களுக்கு: அன்று சந்தை திறக்கும் முன்பே பவர் பெக் பெயரைச் சொல்லி 97 மெயில்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை. பணியில் இருப்பவரின் போன் அலற வேண்டும்.

“செலவு எவ்வளவு ஆகும்?” என்று முதலாளி கேட்பார். செக்சம் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் அரை நாள் வேலை. பழைய கோடுக்கு, அதைத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் எழுதுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்; அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.