ரோஜா பறக்குது, மாங்கூழ் மிதக்குது

போன வாரம் ஓசூர் பக்கத்துல பாகலூர்ல மச்சானோட பாலிஹவுஸுக்கு (பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜா தோட்டம்) போயிருந்தேன். பிப்ரவரி 14 காதலர் தினத்துக்கு ஆர்டர் ஓடிட்டு இருக்கு, அவனுக்கு பேசவே நேரமில்ல. பொம்பளைங்க மொட்டு விரியறதுக்கு முன்னாடியே வெட்டி, பக்கெட் தண்ணில நிறுத்தி, காம்ப அளந்து 50 சென்டிமீட்டர் தனி 60 தனின்னு பிரிச்சு, 20 பூவுக்கு ஒரு கட்டுன்னு அட்டை சுத்தி கோல்டு ரூமுக்குள்ள தள்றாங்க. ராத்திரி ஏசி வண்டி வந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு ஏத்திட்டு போயிடுது, அங்கிருந்து சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா.

அங்க நின்னப்ப தோணுச்சு. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருந்து பெங்களூராங்கற ரகத்து மாங்காயோட கூழ் டிரம்முல அடைச்சு கப்பல்ல வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவுது, ஒரு மாசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. ஒரு டன் சரக்க ஒரு கிலோமீட்டர் கொண்டு போக பெரிய கண்டெய்னர் கப்பல் விடுற கார்பன் சுமாரா 10, 20 கிராம், விமானம்னா 500 கிராமுக்கும் மேல. மாங்கூழ் மிதந்து போவுது, ரோஜா பறந்து போவுது, ரெண்டும் ஒரே மண்ணு.

இத சொன்னா "விமானத்தால வர்றது உலக கார்பன்ல வெறும் 2.5 சதவீதம்தானே"ன்னு யாராவது வருவாங்க. சரிதான், ஆனா 2018 கணக்குல உலகத்துல 100 பேர்ல 11 பேர்தான் அந்த வருஷம் விமானம் ஏறியிருக்காங்க, அத்தன கொஞ்ச பேர் போட்ட புகை இது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிஞ்சா 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது (காத்துல இருக்கற ஆக்சிஜனும் சேர்றதால எடை கூடுது, தப்பு கணக்கு இல்ல). இன்னொண்ணும் இருக்கு, எங்க கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் மேல சாயங்காலம் விமானம் வெள்ளையா கோடு போட்டுட்டு போவுதே, அந்த கோடும் சூடு ஏத்துது. பெங்களூர்ல இறங்க தாழ வர்றது கோடு போடாது, 10 கிலோமீட்டருக்கு மேல கடுங்குளிர்ல போறதுதான் போடும், புகைல இருக்கற ஈரம் ஐஸ் துகளா மாறி மேகம் மாதிரி பரவி பூமி சூட்ட வெளிய விடாம போர்வை போத்துது, ராத்திரில இது இன்னும் மோசம். இதுல நல்ல சேதி என்னன்னா கொஞ்ச விமானம்தான் இந்த கோட்டால பெரிய கெடுதல் பண்ணுது, அந்த ஈரமான அடுக்க விட்டு கொஞ்சம் ஏறியோ இறங்கியோ போனா போதும். 2023ல அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் 70 விமானத்துல செஞ்சு பாத்ததுல கோடு 54 சதவீதம் குறைஞ்சுதாம், எரிபொருள் 2 சதவீதம் போல கூடியிருக்கு. எனக்கு தெரிஞ்சு இருக்கறதுலயே சீப்பான வைத்தியம் இதுதான்.

அப்புறம் மாற்று எரிபொருள். பழைய சமையல் எண்ணெய்ல இருந்தும் ஆல்கஹால்ல இருந்தும் எடுக்கறாங்க, சரியா செஞ்சா 80 சதவீதம் வரைக்கும் கார்பன் மிச்சம்ங்கறாங்க. வெளிநாடு போற விமானத்தோட எரிபொருள்ல இத கலக்க இந்தியா வெச்சிருக்கற இலக்கு 2027ல 1 சதவீதம், 2028ல 2, 2030ல 5. நம்ம பஸ் ஸ்டாண்டு போண்டா கடைல எண்ணெய் கருப்பாகி தீர்ற வரைக்கும் சுடறாங்க, விமானத்துக்கு எங்கிருந்து மிச்சம் வரும்னுதான் தெரியல.

இப்ப ஏர்போர்ட் விஷயம். 2024 ஜூன்ல சட்டசபைல ஓசூருக்கு 2000 ஏக்கர்ல, வருஷத்துக்கு 3 கோடி பேர் வந்து போற மாதிரி ஏர்போர்ட்னு அறிவிச்சதுல இருந்து எங்க வாட்ஸப் குரூப்ல நில விலை தவிர வேற பேச்சே கிடையாது. நான் வேணாம்னு சொல்லலைங்க. ஆனா கிருஷ்ணகிரி ஒரு மாவட்ட தலைநகரம், டவுனுக்குள்ள ரயில்வே ஸ்டேஷனே இல்ல. மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு வெள்ளக்காரன் போட்ட சின்ன ரயில் 1941ல நின்னது, திரும்ப போடறோம்னு சொல்லி 2019ல அடிக்கல் நாட்டினாங்க. ஓமலூர்ல இருந்து தர்மபுரி வழியா ஓசூர் போறது ஒத்த தண்டவாளம், எதிர் வண்டிக்காக நின்னு நின்னு போற கொடுமை அதுல போறவங்களுக்கு தெரியும். இத விட்டுட்டு 2023 அக்டோபர்ல சேலம் டூ பெங்களூருக்கு விமானம் விட்டாங்க. ரோட்டுல போனாலே சுமார் 200 கிலோமீட்டர்தான்! விமானம் மேல ஏறும்போதுதான் எரிபொருள அள்ளி குடிக்கும், ஏறி முடிக்கறதுக்குள்ள இறங்கற ஊருக்கு எதுக்குங்க அது? பிரான்ஸ்ல ரயில்ல ரெண்டரை மணி நேரத்துல போக முடிஞ்ச ஊருக்கு விமானம் விடக்கூடாதுன்னு 2023ல சட்டத்தையே அமலுக்கு கொண்டு வந்துட்டாங்க. நம்மூர்ல அப்படி சட்டம் போடணும்னா மொதல்ல ரெண்டரை மணி நேரத்துல போற ரயில் வேணுமே. துபாய்க்கு வேலைக்கு போறவன் பறக்கட்டும், அவனுக்கு வேற வழி இல்ல. கேரளால கொச்சி ஏர்போர்ட் 2015லயே முழுசா சோலார் கரண்டுக்கு மாறிடுச்சுன்னு பெருமையா சொல்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அது கட்டடத்துக்கும் லைட்டுக்கும்தான், மேல போறது அதே எண்ணெய்லதான் போவுது.

மச்சான்கிட்ட இதெல்லாம் சொன்னதும் "மாமா, ரெண்டு நாள் லேட்டானாலே மார்க்கெட்ல பூவ தூக்கி போட்ருவான், நீங்க கப்பல்ங்கறீங்க"ன்னு சிரிச்சான். அவன் சிரிச்சது நியாயம்தான், கடன் அவன் தலைமேல இருக்கு, 40 பொம்பளைங்க சம்பளம் அந்த மொட்டுலதான் இருக்கு. கென்யாலயும் கொலம்பியாலயும் ரோஜாவ குளிர் கண்டெய்னர்ல கப்பல்ல அனுப்பறாங்கடான்னு போன்ல எடுத்து காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போனவன், கெளம்பும்போது பத்து கட்டு எடுத்து கோல்டு ரூம் மூலைல தனியா நிறுத்தி, அட்டைல தேதி எழுதிட்டு வந்தான். கப்பல்ல போற மாதிரி 25 நாள் கழிச்சு பிரிச்சு பாக்கறதா பேச்சு. இன்னிக்கு ஏழாவது நாள், போட்டோ அனுப்பிருக்கான், வெளி இதழ் ரெண்டு லேசா கருத்திருக்கு, உள்ள அப்படியே இருக்கு.