வானிலை சொல்ல வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு நிமிடம் கொடுங்கள்

தமிழ் செய்தி சேனல்களில் வானிலை என்பது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டும் வேலை. ஜனவரி முதல் செப்டம்பர் வரை அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். புல்லட்டினின் கடைசியில் ஒன்றரை நிமிடம் கிடைக்கும், விளம்பரம் கூடினால் அதுவும் போய்விடும். அக்டோபரில் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானதும் நிலைமை தலைகீழ். வானிலைதான் தலைப்புச் செய்தி. ஆனால் அதுவரை தினமும் அதைச் சொல்லிவந்த பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, ரெயின்கோட் மாட்டிய நிருபரை முழங்கால் தண்ணீரில் நிறுத்திவிடுவார்கள்.

இது மாற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மழைக்காலத்தில்தான் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். "இது இன்னும் உறுதியாகவில்லை" என்று கேமரா முன்னால் தைரியமாகச் சொல்லும் உரிமையும் வேண்டும். நான் அந்த நாற்காலியிலிருந்து வந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முதல் வேலை அது. வானிலையியலில் முதுகலை முடித்த கையோடு சென்னையில் ஒரு சேனலில் சேர்ந்தேன். மேக்கப் போட்டுக்கொண்டு வந்து நின்று சிரித்தபடி படிப்பதுதான் வேலை என்று ஊரில் பலரும் நினைத்தார்கள். உண்மையில் ஸ்டுடியோவில் நமக்குப் பின்னால் இருப்பது வெறும் பச்சைத் திரை. தமிழ்நாட்டு வரைபடம் அதில் இருக்காது. பக்கவாட்டில் இருக்கும் மானிட்டரில் நம் உருவத்தையும் வரைபடத்தையும் பார்த்துக்கொண்டே, வெறுஞ்சுவரில் நாகப்பட்டினம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கையை நீட்ட வேண்டும். பச்சைப் புடவை கட்டவே கூடாது, கட்டினால் உடம்பின் மேலேயே மேகம் நகரும். காதில் பேனல் புரொட்யூசரின் குரல் "இருபது செகண்ட்... பத்து..." என்று ஓடிக்கொண்டிருக்கும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். அதற்கு முந்தைய மணிநேரங்களில் நடப்பதுதான் அசல் வேலை.

மீனம்பாக்கத்திலிருந்து காலையும் மாலையும் பறக்கவிடும் பலூன் மேல்காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று சொல்லும். செயற்கைக்கோள் படம், ராடார் படம், அமெரிக்க, ஐரோப்பியக் கணினிக் கணிப்பு மாதிரிகள், நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை என்று எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படிப்போம். எச்சரிக்கை விடும் அதிகாரம் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குத்தான் உண்டு. சேனலில் இருப்பவர் அதற்கு மேலே ஏறி எச்சரிக்கை விடக் கூடாது, அது சரியான ஏற்பாடும்கூட. ஆனால் அந்த எச்சரிக்கை இந்த ஊர்க்காரருக்கு என்ன அர்த்தம் தருகிறது, எவ்வளவு நம்பலாம், எப்போது மாறலாம் என்று விளக்குவது சேனலின் கடமை. அதற்காகத்தானே படித்த ஆளை வேலைக்கு வைக்கிறீர்கள்?

நடப்பது என்ன? ஆய்வு மையம் "ஓரிரு இடங்களில் கனமழை" என்று கொடுத்திருக்கும். அவர்கள் கணக்கில், ஒரு பகுதியிலுள்ள மழைமானிகளில் 25 சதவீதம் வரைக்கும்தான் அது. கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டுமே தெளிவான அளவுகள். கீழே ஓடும் ஸ்க்ரோலுக்குப் போகும்போது இடம் பத்தவில்லை என்று முதல் பாதியை வெட்டிவிடுவார்கள். "12 மாவட்டங்களில் கனமழை" என்று சிவப்புப் பட்டையில் வந்து நிற்கும். மறுநாள் நான்கில் மூன்று பங்கு ஊர்களில் அந்த மழை இருக்காது, அறிக்கைப்படியே இருக்கக் கூடாது. ஆனால் மக்கள் திட்டுவது வானிலை மையத்தை. அடுத்த முறை நிஜமாகவே பேய்மழை வரும்போது "இவங்க எப்பவும் இப்படித்தான்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

யார் கேட்கிறார்கள் என்று சேனல்களுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் "லீவு உண்டா?" மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு அக்டோபர் தொடக்கத்தில் அலுவலக எண்ணுக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. "ஏம்மா, டிவியில மழைன்னு சொன்ன பொண்ணு நீதானா? குறுவை நெல்லை ரோட்டுல கொட்டி வெச்சிருக்கேன். தார்ப்பாய் மூணுதான் இருக்கு. நாளைக்குக் காயவைக்கலாமா, வேணாமா?" என்றார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஒரு நாள் வெயில் அவருக்குப் பணம். "டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்" என்ற வரி அவருக்கு ஒன்றும் செய்யாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய அந்த நாட்களில் மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் இடியோடு வரும், காலை வெயிலை ஓரளவு நம்பலாம் என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப மதியத்துக்குள்ள அள்ளிடுறேன்" என்று போனை வைத்தார்.

போனில் அந்தப் பெரியவருக்குச் சொன்னதைத் திரையில் சொல்ல எனக்கு நேரம் தரவில்லை. கேட்டபோது கிடைத்த பதில்: "மழை வருமா, வராதா? ஒரே வரியில சொல்லும்மா." ஒரே வரியில் அடங்காத விஷயத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அங்கே பொய் வந்துவிடும். பருவமழை தொடங்கிவிட்டால் இதுவே மாறும். அப்போது சென்னைக் கடற்கரையில் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகும் விடிகாலையிலும்தான் மழை கொட்டும், பகலில் வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதை விளக்க இன்னும் ஒரு நிமிடம் போதும்.

2024 அக்டோபர் 16ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். 2015 வெள்ளத்தை அனுபவித்த ஜனம் முன்கூட்டியே காரையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 15ஆம் தேதி மழை பெய்தது. 16ஆம் தேதி பெரும்பாலான இடங்களில் ஒன்றுமில்லை. வங்கக்கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. உடனே கேலிப் படங்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. தாழ்வு மண்டலத்தின் மழை நாலு பக்கமும் சமமாகப் பெய்யாது, ஒரு பக்கம் குவியும். மையம் கொஞ்சம் தள்ளிப்போனால் நகரத்துக்கு வர வேண்டிய மழை கடலிலோ பக்கத்து மாநிலத்திலோ விழும். "வடக்கே போனால் நமக்குக் குறையும், அந்த வாய்ப்பும் இருக்கிறது" என்று முந்தின நாளே எல்லாத் திரைகளிலும் நிதானமாகச் சொல்லியிருந்தால் காரை மேம்பாலத்தில் நிறுத்தியவர் ஏமாந்ததாக நினைத்திருக்க மாட்டார். அவர் செய்தது சரியான முன்னெச்சரிக்கை.

இதற்கு நேர் எதிரானது 2021 டிசம்பர் 30. அன்று மதியம் நான் ஷிஃப்டில் இருந்தேன். அவ்வளவு பெரிய மழை வரும் என்று அறிக்கையில் இல்லை. ராடார் படத்தில் சென்னைக் கடற்கரையை ஒட்டி சிவப்புத் திட்டுகள் வந்தன, நகரவில்லை. அடுத்த படத்திலும் அதே இடம், இன்னும் அடர்த்தியாக. மழை மேகம் நகர்ந்துகொண்டே இருந்தால் பிரச்சினை இல்லை, நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்பப் புதிதாக உருவானால்தான் ஆபத்து. அந்தப் படத்தை மட்டும் காட்டி, "அலுவலகத்திலிருந்து கிளம்புகிறவர்கள் சற்று பொறுத்துக் கிளம்புங்கள்" என்று சொல்ல இரண்டு நிமிடம் கேட்டேன். அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரட்டும் என்றார்கள். சில இடங்களில் அன்று 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. மழை பெய்துகொண்டிருக்கும்போதுதான் ரெட் அலர்ட் வந்தது. நகரம் நடுச்சாலையில் மாட்டிக்கொண்டது. கண்ணெதிரே பெய்துகொண்டிருக்கும் மழையின் ராடார் படத்தைக் காட்டுவது எச்சரிக்கை விடுவது ஆகாது, அது செய்தி. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

எச்சரிக்கை நிறங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதிகனமழை என்பது 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது 20 சென்டிமீட்டரைத் தாண்டினால். அதற்கு மேலே அறிக்கையில் வேறு படி கிடையாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, 95க்கும் சிவப்பு. நிறத்தை மட்டும் திரையில் போட்டுவிட்டுப் போனால் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் ஒருவர் எப்படித் தயாராவார்? இந்த இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டும். படித்த, இளைய, தூங்காமல் ராடாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்.

அப்புறம் இந்த "நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க" புகார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், பிறகு ஆகிவிட்டது. 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அங்கேயே நகராமல் நின்றது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் பெய்தது. அடுத்து, கடலே இல்லாத ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். கடலில் அது மாறமாறக் கணிப்பும் மாறத்தான் வேண்டும். நேற்றுச் சொன்னதை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கும் வானிலையாளர்தான் ஆபத்தானவர். ஆனால் ஏன் மாறியது என்று சொல்லாமல் புதிய கணிப்பை மட்டும் படித்துவிட்டுப் போனால், பார்ப்பவருக்கு அது உளறலாகத்தான் தெரியும்.

பிபிசியில் 1954 ஜனவரி 11ஆம் தேதி முதன்முதலாகத் திரையில் தோன்றி வானிலை சொன்ன ஜார்ஜ் கௌலிங் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துக்காரர். மறுநாள் காற்று அடிக்கும், துணி காயப்போட நல்ல நாள் என்று சொன்னாராம். வேலை தெரிந்தவரே நேராக வீட்டுக்காரர்களிடம் பேசினார். நமக்கும் அப்படி ஒருவர் இருந்தார். 2016இல் ஓய்வுபெறும் வரை சென்னை வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் சார் மைக்குகளுக்கு முன்னால் பதறாமல், ஏற்றிச் சொல்லாமல் பேசியதை ஒரு தலைமுறையே கேட்டு வளர்ந்தது. அவர் பேசும்போது மக்கள் நம்பினார்கள், ஏனென்றால் தெரிந்ததை மட்டும் சொன்னார். அந்த நம்பிக்கையைப் புதிதாக வரும் பிள்ளைகளும் சம்பாதிக்க முடியும். வருடம் முழுக்க அதே முகம், மழை வந்த அன்றும் அதே முகம் என்று இருந்தால் மட்டும்.

இப்போது இந்த வேலைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: தாராளமாகப் போங்கள். சின்ன வயதில் இவ்வளவு பேருக்கு நேரடியாகப் பயன்படும் வேலை அதிகம் கிடையாது. உடுத்துவதையும் நிறத்தையும் பற்றி வரும் கமென்ட்டுகளைப் படிக்கவே வேண்டாம். ஆனால் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: ஸ்க்ரோலில் போகும் வானிலை வரியை நான் பார்த்த பிறகுதான் ஏற்றுவீர்களா? புயல் அன்று நான் திரையில் இருப்பேனா?

சேனல்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தினமும் காலை புல்லட்டினில் முப்பது செகண்ட் ஒதுக்கி, "நேற்று இதைச் சொன்னோம், இவ்வளவு பெய்தது" என்று அந்தப் பிள்ளையையே சொல்லவிடுங்கள். சரியாக வந்ததையும் சொல்லட்டும், வராததையும் சொல்லட்டும். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். காலை 8.30 மணி வரையிலான மழையளவை ஆய்வு மையம் ஊர்வாரியாகத் தினமும் வெளியிடுகிறது.