பிக்ஃபுட் ரோமம்: எஃப்பிஐ சொன்னது என்ன?

"பிக்ஃபுட் நிஜம்தான், எஃப்பிஐயே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிக்ஃபுட் என்பது வட அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லப்படும், உடலெங்கும் ரோமம் மூடிய பெரிய குரங்கு மனிதன். அதைப் பற்றி அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் ஒரு கோப்பு இருப்பது உண்மை. 2019-இல் வெளியான 22 பக்கங்கள். பகிர்கிறவர்கள் கடைசிவரை படித்ததாகத்தான் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிக்ஃபுட்டைத் தேடிக்கொண்டிருந்த பீட்டர் பைர்ன், 1976-இல் தோல் துணுக்கில் ஒட்டியிருந்த 15 ரோமங்களை எஃப்பிஐயிடம் கொடுத்து, எந்த விலங்குடையது என்று கேட்டார். 1977-இல் வந்த பதில்: மான் குடும்பத்து ரோமம். அவ்வளவுதான்.

அப்புறம், 'பிக்ஃபுட்' என்ற பெயரே 1958-இல் கலிபோர்னியாக் காட்டுப் பகுதியில் தெரிந்த பெரிய காலடித் தடங்களால் பரவியது. அவை அங்கே சாலை ஒப்பந்தக்காரராக இருந்த ரே வாலஸ் என்பவர் மரப்பாதம் செய்து பதித்தவை என்று, 2002-இல் அவர் இறந்தபின் குடும்பத்தினரே சொன்னார்கள். பூர்வகுடிகளின் சாஸ்க்வாட்ச் (பிக்ஃபுட்டின் இன்னொரு பெயர்) கதைகள் இதைவிட ரொம்பப் பழையவை. அது வேறு விஷயம்.