பைசேரத்தின் செல் சுழற்சி: ஒரு திருத்தம்

‘பைசேரம் என்ற சளிப்பூஞ்சை ஒரே பெரிய செல் என்பதால் அதன் மரபணுக்கள் எப்போதும் ஒரே அளவில் இயங்கும், ஜி1 கட்டத்தில் மட்டும் சற்றுக் கூடும்’ என்று சொல்லப்படுவது சரியன்று. அதன் பிளாஸ்மோடியத்தில் (பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாக அது இருக்கும் நிலை) ஜி1 கட்டமே, அதாவது உட்கருப் பிளவுக்கும் டி.என்.ஏ. இரட்டிப்புக்கும் இடைப்பட்ட கட்டமே, கிடையாது. உட்கருப் பிளவு முடிந்த கையோடு டி.என்.ஏ. இரட்டிப்பு தொடங்கி ஏறத்தாழ 3 மணி நேரம் நீடிக்கிறது. ஒரே சைட்டோபிளாசத்தில் கிடக்கும் கணக்கற்ற உட்கருக்கள் தாமாகவே ஒருசேரப் பிளவுறுவதால், மருந்திட்டுச் சுழற்சியை நிறுத்திவைக்காமலே (ஆய்வாளர்கள் பைசேரத்தை விரும்புவதும் அதற்காகத்தான்) ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அளக்க முடிகிறது. அவ்வாறு அளந்தபோது, பிளவின்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்நார்களுக்குத் தேவையான டியூபுலின் என்ற புரதத்தின் தூது ஆர்.என்.ஏ. (மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகல்), இரட்டிப்புக்கும் அடுத்த பிளவுக்கும் இடைப்பட்ட ஜி2 கட்டத்தின் பிற்பகுதியில் ஏறி, பிளவையொட்டி உச்சம் தொட்டு, பிறகு சட்டென்று சரிவது தெரியவந்தது. ஏற்கெனவே உள்ள தூது ஆர்.என்.ஏ. விரைந்து சிதைக்கப்படுவதும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம்.