டூசானில் ரோமானியர்கள் வாழ்ந்தார்களா?

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள டூசான் நகருக்கு அருகே 1924-இல் ஈயச் சிலுவைகளும் வாள்களும் கிடைத்தன; 8-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியர் அங்கு குடியேறியதற்கு அவையே சாட்சி, அதை அரசு மறைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பொருள்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவற்றில் பொறித்திருந்த லத்தீன் வரிகள் நவீன காலப் பள்ளி இலக்கணப் பாடநூல்களில் இருந்தவை என்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் லத்தீன் அறிஞர் ஃபிராங்க் ஃபவுலர் அப்போதே காட்டிவிட்டார். ஒரு வாளில் டைனோசர் போன்ற உருவம் வேறு இருக்கிறது! எதையும் யாரும் மறைக்கவில்லை. எல்லாம் அரிசோனா வரலாற்றுச் சங்கத்தின் பாதுகாப்பில் உள்ளன.

எனக்கு வருத்தம் தருவது வேறு. அந்த மண்ணின் உண்மையான பழைமை இதில் காணாமல் போகிறது. 1775-இல் ஸ்பானியர் எழுப்பிய கோட்டையின் அடியில், பூர்வகுடிகள் தரையில் குழிதோண்டிக் கட்டிய வீட்டின் தளம் கிடைத்தது. கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். நகரின் வடமேற்கே லாஸ் காபாஸில் வெட்டிய பாசன வாய்க்கால்கள் 3,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. மக்காச்சோளம் விளைவித்தவர்கள் வெட்டியவை.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.