முதல் காசு கூரைக்கு

வீட்டுக்குச் செலவு செய்யக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், அதில் முதல் பங்கு கூரைக்குப் போகவேண்டும். வாசல் கேட், பிளாஸ்டர் சீலிங், டிவி கேபினெட் எல்லாம் அப்புறம். கூரை, அதன் ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்கும் பீலி, வீட்டுக்குள் காற்று வந்துபோகும் வழி, வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய். இவை சரியான பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

ரப்பர்த் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களில் பலருக்கு முதல் சொந்த வீடு மலிவு விலை வீடுதான். 1982-இல் அரசாங்கம் அந்த வீட்டுக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) என்று விலை வைத்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து 42,000 வெள்ளி வரை போகலாம் என்று மாற்றியது. அந்த விலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடிக்கவேண்டும் என்றால் எங்கே கைவைப்பார்கள்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்க ஒன்றும் இருக்காது. கூரை சுவரைத் தாண்டி ஒரு முழம் நீண்டிருந்தால் அதிகம். சீலிங்கும் தாழ்வு. இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடும்பம் நடத்திய எங்கள் பெற்றோருக்குத் தங்கள் பெயரில் கிராண்ட் (நிலப் பட்டா) உள்ள ஒரு வீடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் விட்டுப்போனதை நிரப்புவது இப்போது நம் கையில் இருக்கிறது. நாமோ வேறு எதையோ நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

லயத்து வீட்டைப் பற்றி இப்போது ஏக்கத்தோடு படம் போடுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. தகரக் கூரையின் கீழ் மத்தியானம் படுக்க முடியாமல் மரத்தடிக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாம். அதே தோட்டத்தில் துரை பங்களாவும் இருந்தது. ஏர்கோன் வருவதற்கு முன்பே கட்டிய வீடு. மேட்டில் நிற்கும். உயரமான கூரை, அகலமான வராந்தா, சுவரில் வெயில் படாத அளவுக்குக் கூரை நீட்டம், எதிரெதிரே சன்னல்கள். பகல் ஒரு மணிக்கும் உள்ளே ஜிலுஜிலுவென்று இருக்கும். அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியதும், அதன் புல்லை வெட்டியதும் நம் ஆட்கள்தான். பிறகு நமக்கென்று வீடு வந்தபோது அந்தப் பங்களாவிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம்? முன்வாசல் தூணை, வளைவை, பெரிய கேட்டை. அங்கே இருந்த நிழலையும் காற்றையும் விட்டுவிட்டோம். இதுதான் எனக்கு ஆறாத ஆதங்கம்.

நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வரும். மற்ற மாதங்களிலும் ரொம்பச் சாய்வதில்லை. ஆகவே ஒற்றை மாடி வரிசை வீட்டுக்குள் இறங்கும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் வருகிறது. அடுத்து, கடைக்கோடி வீடாக இருந்தால், மேற்குச் சுவர். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெயிலுக்காகவே மூடினார்கள். இந்த மாதிரி வருடங்கள் இனியும் வரும். பொழுது சாய்ந்து வெளியே காற்று குளிர்ந்த பிறகும் வீட்டுக்குள் புழுங்குகிறது என்றால், பகல் முழுக்கக் கூரையும் சுவரும் வாங்கி வைத்த சூடு இப்போதுதான் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை. என் அம்மா இரவு பதினோரு மணிக்கும் முந்தானையால் விசிறிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபிறகுதான் நான் இதையெல்லாம் விசாரிக்கத் தொடங்கினேன்.

இதற்கு வழி இருக்கிறது, பெரிய வித்தையும் இல்லை. கூரை ஓடுகளைக் கழற்றி வேலை செய்யும்போதே அடியில் அலுமினிய ஃபாயில் விரித்துவிட வேண்டும். ஓடுகளைத் தொடாமல் செய்வதென்றால் சீலிங் வாசல் வழியாக ஏறி, சீலிங்குக்கு மேலே ராக்வூல் (வெப்பம் தடுக்கும் கல்பஞ்சு) பரப்பலாம். இரண்டு மூன்று பேர் செய்கிற வேலை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் அடைபட்ட சூடு வெளியேறத் துளையும் வேண்டும். இருக்கும் துளையை எலி வருகிறது என்று சிமெண்டு வைத்து அடைக்காதீர்கள், வலை அடித்தால் போதும். தகரக் கூரைக்கு வெளிர் நிறப் பெயிண்ட் நல்லது, கருநீலமும் கருஞ்சாம்பலும் பார்க்க அழகாக இருந்தாலும் சூட்டை இழுக்கும். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து நீங்களே அறுக்கவோ துளைபோடவோ இறங்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்தும் உயிரை வாங்கும். அதற்கென்று தெரிந்த ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பின்பக்க நீட்டிப்பு. இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். எங்கள் வரிசையில் ஓர் அண்ணன், பின்னால் இருந்த காலியிடம் முழுவதையும் எல்லைச் சுவர் வரைக்கும் அடைத்துச் சமையலறை கட்டினார். நல்ல டைல்ஸ், நல்ல கேபினெட், அண்ணிக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் முன்பு பின்வாசலைப் பார்த்திருந்த நடு அறையின் சன்னல் இப்போது சமையலறைக்குள் திறக்கிறது. பகல் மூன்று மணிக்கும் விளக்கைப் போட்டால்தான் அந்த அறையில் துணி மடிக்க முடியும். சம்பல் தாளித்தால் பிள்ளையின் பள்ளிச் சீருடை வரைக்கும் நெடி ஏறுகிறது. "அண்ணே, இந்த அறைக்குக் காத்து எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். "ஏர்கோன் போட்டா சரியாயிரும்மா, தவுக்கேயே சொல்லிட்டாரு" என்றார். முதலாளியைத்தான் இங்கே தவுக்கே என்போம். போட்டார். அதற்காகச் சுவர் மேலே இருந்த துளையுள்ள காற்றுக் கல்லையும் பூசி மூடினார்கள். அறைக்கு இருந்த கடைசி மூச்சும் போனது.

சட்டமே இதைச் சொல்கிறது. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்களில், அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்குச் சன்னல் வேண்டும், 5 விழுக்காடு அளவுக்காவது காற்று தடையில்லாமல் போகத் திறப்பு வேண்டும் என்று இருக்கிறது. நூறு சதுர அடி அறைக்குப் பத்து சதுர அடி சன்னல், அவ்வளவுதான் கேட்கிறார்கள். நீட்டிப்பு வேலைக்கு வரைபடம் கொடுத்து நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும். நம் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். "எல்லாரும் அனுமதி இல்லாமத்தானே கட்டுறாங்க" என்கிறார்கள். அபராதத்துக்குப் பயந்து அல்ல, வரைபடம் போடுகிறவர் சன்னல் எங்கே என்று கேட்பார், அதற்காகவே அந்த வழியில் போகச் சொல்கிறேன்.

பழைய வீட்டுச் சுவருக்கும் புதுச் சமையலறைக்கும் நடுவில் மூன்று நான்கு அடி வானம் பார்த்த இடமாக விடுங்கள். நடு அறைக்கு வெளிச்சம், காற்று இரண்டும் கிடைக்கும், துணியும் காயும், கறிவேப்பிலைத் தொட்டியும் வைக்கலாம். டவுனில் உள்ள பழைய கடைவீடுகளுக்குள் போயிருந்தால் தெரியும், நடுவில் மழை விழும் முற்றம் ஒன்று விட்டிருப்பார்கள். எழுபது அடி நீள வீட்டுக்கு அதுதான் உயிர்.

இனி மாதக்கணக்குக்கு வருகிறேன். தீபாவளி வருகிறது என்றால் நம் வீடுகளில் பெயிண்ட் வாளி திறக்கும். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். மேற்குக் கரை மாநிலங்களில் வருடத்திலேயே அதிக மழை பெய்வதும் அதே அக்டோபர், நவம்பரில்தான். பருவக்காற்று மாறும் நேரம், மத்தியானம் வரை வெயில், நாலு மணிக்கு இடியும் புயல்காற்றும். வெளிச்சுவர் காய்வதற்குள் நனைகிறது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசிய பெயிண்ட், தைப்பூசம் வருவதற்குள் கொப்புளித்து உரிகிறது. பிறகு பெயிண்டின் மேல் பழி. ஏப்ரல், மேயில் மறுபடி ஒரு மழைக்காலம். நடுவில் ஜூன், ஜூலையில் மழை குறையும், ஜனவரி, பிப்ரவரியிலும் ஓரளவு குறையும். வெளிச்சுவர், கூரை, சிமெண்டு வேலை எல்லாம் ஜூன், ஜூலையில் செய்ய வேண்டியவை. உள்சுவருக்குத் தீபாவளி நேரத்தில் பூசுங்கள், யார் வேண்டாம் என்றது? ஜூன் முதல் செப்டம்பர் வரை புகைமூட்டம் வரக்கூடிய காலம் என்பதையும் மனத்தில் வையுங்கள். அந்த நாள்களில் சன்னலைச் சாத்தித்தான் ஆகவேண்டும், அப்போது குளிர்ந்த கூரையின் அருமை இன்னும் தெரியும்.

மழைக்காலத்துக்கு முன் ஒரே ஓர் இடத்தைப் பார்க்க முடியும் என்றால், முன்னால் போட்ட அவ்னிங் (சாய்ப்புக் கூரை) வீட்டுச் சுவரோடு சேரும் கோட்டைப் பாருங்கள். புதிதாக ஒட்டிய எந்தக் கூரையும் அந்த இடத்தில்தான் ஒழுகும். சுவரில் பள்ளம் வெட்டித் தகடு செருகாமல் வெறும் சிலிக்கோன் தடவிவிட்டுப் போனால், இரண்டு வெயில் கண்டவுடன் அது பிளந்துகொள்ளும். தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, சாமி மேடைக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். கொன்ட்ரேக்டரிடம் முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ஒரு பெருமழை பார்த்துவிடுவது நல்லது. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கும் அது போதும்.

வீட்டு முன்முற்றத்தைப் பற்றி ஒன்று. கார் நிறுத்த இடம் வேண்டும்தான். ஆனால் மண் தெரியாமல் முழுவதும் சிமெண்டு போட்டால் கூரையில் விழும் மழையும் தரையில் விழும் மழையும் ஒரே நேரத்தில் கால்வாய்க்கு ஓடும். வரிசையில் எல்லா வீடும் அப்படிச் செய்தால் கால்வாய் எப்படித் தாங்கும்? போதாததற்குச் சிலர் கால்வாய்க்கு மேலேயே சிமெண்டு மூடி போட்டு நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள், உள்ளே மண் சேர்ந்தால் வாரவும் வழியில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. அது வேறு அளவு வெள்ளம் என்பது சரி. நம் தாமானில் கணுக்கால் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு ஆறு பெருகவே வேண்டாம், அடைபட்ட கால்வாய் போதும்.

நம் பகுதிக்கே உரிய தொல்லை கரையான். பல தாமான்கள் ரப்பர்க் காட்டை அழித்துக் கட்டியவை. பால்மரத்தைத் தின்கிற கரையான் இனமே ஒன்று உண்டு, மண்ணுக்குள் விட்டுப்போன வேரும் கட்டையும் அதற்குத் தீனி. சிமெண்டுத் தரையின் வெடிப்பு வழியாகவே மேலே வரும். கூரைச் சட்டம் மரமாக இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் பென்சில் கனத்துக்கு மண்கோடு தெரிந்தால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், வந்த வழியைக் கண்டுபிடித்து மருந்து போடச் சொல்லுங்கள்.

சோலார் போடலாமா என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் ஒழுகுகிற கூரைமேல் போட்டால் ஒவ்வொரு தடவையும் பலகையைக் கழற்றி மாட்ட வேண்டும். ஏர்கோன், ஹீட்டர் என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் பழைய ஒயரிங் தாங்குமா என்று லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் ஒருமுறை காட்டுங்கள்.

55 வயதில் இபிஎஃப் (சேமநிதி) பணம் எடுக்கும் அண்ணன்மார்களுக்கும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு வரும்போது அப்பா அம்மாவுக்குப் புதுச் சோபா வாங்கித் தரவேண்டும் என்று தோன்றும். அதற்கு முன் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர்கள் படுக்கும் அறையில், மின்விசிறியை மட்டும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். பிறகு சோபாவா ராக்வூலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கூரைக்காரரை ஜூன் மாதமே பேசி வையுங்கள். செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டால், "தீபாவளிக்கு அப்புறம்தான்மா வரமுடியும்" என்பார்.