அந்த மூடியை மட்டும் தொடாதீங்க

கறியை மூடி போட்ட கரி கிரில்லுல ஏத்தி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையில தட்டோட ஒருத்தர் வந்து நிப்பார். "எப்படி வருதுன்னு பார்ப்போமே"ன்னு மூடியைத் தூக்கிடுவார். 8 மணி நேரம் புகையில வேகப்போற பன்றித் தோள்கறியில 30 நிமிஷத்துல பார்க்க என்னய்யா இருக்கு? கொஞ்சம் சூடான பச்சைக்கறி இருக்கும். அதையும் உத்துப் பார்த்துட்டு, "இன்னும் வேகணும் போல"ன்னு ஒரு தீர்ப்பு வேற!

மூடியைத் திறந்தா கொஞ்சம் சூடு போகும், திரும்ப வந்துடும், இதுக்குப் போய் இவ்வளவு கோபமான்னு கேக்கறாங்க. கேஸ் கிரில்லுக்கு வேணா அது சரி. கரி அடுப்புல கதையே வேற. அங்க தீ எவ்வளவு எரியணும்னு முடிவு பண்றது உள்ள விட்ட காத்து. கீழ் ஓட்டையை ஒரு விரல் கனத்துக்குத் திறந்து 110 டிகிரி செல்சியஸ்ல நிறுத்தி வெச்சிருக்கோம்னா, அந்த இடுக்கு வழியா போற ஆக்சிஜனுக்கு ஏத்த அளவுதான் கங்கு எரியுது. மூடியைத் தூக்கின நொடியில கிரில் சட்டி பூரா காத்து. சாம்பலைப் போர்த்திக்கிட்டு சிவனேன்னு கிடந்த கங்கெல்லாம் முழிச்சுக்கும். பக்கத்துல பத்தாம இருந்த கரியும் பிடிச்சுக்கும். 2 நிமிஷம் கதை பேசிட்டு மூடியைப் போடுவீங்க. கறியைச் சுத்தி இருந்த சூடு முதல்ல சரசரன்னு இறங்கும், அப்புறம் 140-ஐத் தாண்டி ஏறும். பத்திக்கிட்ட கரியைக் கெஞ்சினா அணையுமா? பழைய 110-க்குக் கொண்டுவர அரை மணிக்கு மேல காவல் நிக்கணும்.

1952-ல ஜார்ஜ் ஸ்டீபன்னு ஒருத்தர் கடல் மிதவையைப் பாதியா வெட்டி உருண்டைக் கிரில் செஞ்சார். சமைக்கும்போது காத்துலயும் மழையிலயும் தீ ஆட்டம் போடக்கூடாதுன்னுதான் அதுக்கு மூடியும் காத்து ஓட்டையும் வெச்சார். அந்தக் கண்டுபிடிப்போட உசிரே அந்த மூடி. அதைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு "தீ அடங்கவே மாட்டேங்குதே"ன்னு புலம்பினா யார் என்ன பண்றது?

இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. மூடியில பதிச்சிருக்கிற வட்ட முள் மீட்டர். அது கறி இருக்கிற கம்பித் தட்டுல இருந்து ஒரு சாண் மேல, சட்டியோட உச்சியில இருக்கு. அங்க இருக்கிற சூடும் கறிகிட்ட இருக்கிற சூடும் ஒண்ணு இல்லை. 20, 30 டிகிரி தள்ளிக் காட்டுறது சர்வ சாதாரணம். மூடியை வெளிக்காத்துல ஆட்டிட்டு மாட்டினா முள் 80-ல நிக்கும். உள்ள கங்கு கொழுந்து விட்டுக்கிட்டு இருக்கும், ஆனா முள் சொல்றதுதான் வேதம். "ஐயோ இறங்கிடுச்சே"ன்னு கீழ் ஓட்டையை முழுசாத் திறப்பார். கால் மணியில முள் 160. "ஐயோ ஏறிடுச்சே"ன்னு மேல் ஓட்டை, கீழ் ஓட்டை ரெண்டையும் சாத்துவார். இப்ப புகைக்காகக் கங்கு மேல போட்ட மரத்துண்டுக்கு மூச்சு முட்டும். சுண்ணாம்பு மாதிரி கெட்டியா வெள்ளைப் புகை வரும். சுத்தி நிக்கிறவங்க "ஆகா, என்ன புகை, என்ன புகை!"ன்னு படம் எடுப்பாங்க.

அந்த வெள்ளைப் புகையில ருசி கிடையாதுங்க. சரியா எரியாத மரத்தோட கசடு அது. கறி மேல தார் மாதிரி படிஞ்சு நாக்கு நுனியை மரத்துப்போக வைக்கும். "புகை ஜாஸ்தி ஆயிடுச்சு"ன்னு நீங்க சொல்ற கசப்புக்குக் காரணம் புகை கெட்டுப்போனது. நல்ல புகை கண்ணுக்கே சரியாத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரா பார்த்தா லேசா நீலம் தட்டும், அவ்வளவுதான். அது வரணும்னா மேல் ஓட்டை எப்பவும் முழுசாத் திறந்தே இருக்கணும். சூட்டைக் கூட்டுறதும் குறைக்கிறதும் கீழ் ஓட்டையில, அதுவும் ஒரு தடவைக்கு அரை விரல் கனம். தள்ளிட்டு 15 நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அந்த 15 நிமிஷத்தைத்தான் யாராலயும் தாங்க முடியலை.

மீட்டர் வேணும்னா கம்பி நுழைக்கிற டிஜிட்டல் மீட்டரை வாங்குங்க. ஒரு கம்பி கறியோட நடுவுல, எலும்புல முட்டாம. இன்னொண்ணு கம்பித் தட்டு மேல, கறியில இருந்து ரெண்டு மூணு விரல் தள்ளி. வாங்கின அன்னிக்கே பொடிச்ச ஐஸும் கொஞ்சம் தண்ணியும் நிறைஞ்ச டம்ளர்ல விட்டுப் பாருங்க. 0 காட்டலைன்னா அதுவும் உதவாது.

அப்புறம் இந்த மரச்சில்லை ஊறவைக்கிற கூட்டம். ராத்திரி பூரா ஊறவெச்சாலும் மரத்துக்குள்ள தண்ணி பெரிசா இறங்காது, மேல்தோல்தான் நனையும். கங்குல போட்டா முதல்ல வர்றது நீராவி. அதைப் புகைன்னு நினைச்சு இன்னொரு கைப்பிடி அள்ளிப் போடுவாங்க. கங்கு குளிர்ந்து திரும்பவும் அதே வெள்ளைப் புகை. நல்லாக் காஞ்ச, கைமுட்டி அளவு துண்டு 3 அல்லது 4 இருந்தா முழு சமையலுக்கும் போதும். பிசின் வடியிற பைன் மரம், பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட் இதெல்லாம் அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

கரி பத்தவைக்க மண்ணெண்ணெய் ஊத்துறவங்களைப் பத்தி என்ன சொல்ல! ரெண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி, கரியை நிரப்பின, புகைபோக்கி மாதிரி இருக்கிற தகரக் குழாயோட அடியில வெச்சுக் கொளுத்தினா 15, 20 நிமிஷத்துல மேல் கரியில சாம்பல் பூத்துடும். நீண்ட நேரச் சமையலுக்கு அந்தக் குழாய் நிறையக்கூட வேணாம். பத்தவைக்காத பிரிக்கெட் கரியை, அதாவது கரித்தூளை அழுத்திச் செஞ்ச கட்டிகளை, சட்டி ஓரமா ரெண்டு வரிசை, ரெண்டு அடுக்கா பாதி வட்டத்துக்கு மேல அடுக்குங்க. ஒரு முனையில மட்டும் 8 அல்லது 10 கங்கு. பாம்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து எரியும். 6 மணி நேரம் யாரும் கை வைக்கத் தேவையில்லை. தேவையில்லைன்னா கேக்கவா போறாங்க?

நடுவுல தீ தானா மந்தமானா கரியைத் திட்டாதீங்க. முக்கால்வாசி நேரம் சாம்பல் விழுந்து கீழ் ஓட்டையை அடைச்சிருக்கும். சட்டிக்கு அடியில இருக்கிற நெம்புகோலை ரெண்டு தடவை அசைச்சுச் சாம்பலைத் தள்ளினா போதும். அதைப் பார்க்காம மேல ஒரு மூட்டை கரியைக் கொட்டினா பத்தாத கரியோட நாத்தம்தான் கறியில ஏறும்.

இப்ப உச்சக்கட்டத்துக்கு வருவோம். கறியோட உள்சூடு 65, 70-ஐத் தொட்டதும் அப்படியே நின்னுடும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், சில சமயம் நாலு மணி நேரம் மீட்டர் அசையாது. மூடி தூக்கிகளுக்கு இது திருவிழா. "அடுப்பு அணைஞ்சிருச்சு", "மீட்டர் செத்துடுச்சு", "இந்தக் கறியே சரியில்லை." ஒண்ணும் இல்லைங்க, கறிக்கு வேர்க்குது. மேல் பக்கம் கசியிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கிட்டுப் போகுது. அடுப்பு குடுக்கிறதும் ஆவி எடுக்கிறதும் சரிக்குச் சரி. ஈரம் குறைஞ்சதும் மீட்டர் தானா ஏறும். பொறுமை இல்லைன்னா 70-ல எடுத்து அலுமினியத் தாள்ல ரெண்டு சுத்து இறுக்கமாச் சுத்தி வையுங்க. ஆவி போக வழியில்லாம சூடு ஏறிடும். மேல்பட்டையோட மொறுமொறுப்பு கொஞ்சம் போகும், அது அதுக்கான விலை. அதை விட்டுட்டு அடுப்பை 160-க்கு முறுக்கினா வெளிப்பக்கம் கட்டை, உள்பக்கம் ரப்பர். சவ்வு கரைஞ்சு குழையணும்னா உள்சூடு 93-லிருந்து 96 வரைக்கும், அதுவும் மெதுவா வரணும்.

கொழுப்பு சொட்டித் தீ எகிறினா தண்ணி தெளிக்கிறவர் ஒருத்தர் எப்பவும் இருப்பார். தெளிச்சதும் சாம்பல் பறந்து கறியில உக்காரும், ஆவி கையைச் சுடும். கங்கை ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சிருந்தா, கறியைக் கங்கு இல்லாத பக்கம் நகர்த்தி மூடியைப் போட்டா முடிஞ்சது. ஆமா, இங்கதான் மூடி. தூக்கக்கூடாத நேரத்துல தூக்குவாங்க, போட வேண்டிய நேரத்துல திறந்துபோட்டு நிப்பாங்க. சர்க்கரை கலந்த சாஸை முதல்லயே பூசிட்டுக் கறுத்துப்போச்சேன்னு அழறவங்களுக்கு ஒரே வார்த்தை: கடைசி 10 நிமிஷம்.

மழை வந்தா அடுப்பைத் தூக்கிக் கார் ஷெட்டுக்குள்ள வைக்கிறது மட்டும் வேணவே வேணாம். கதவு திறந்துதானே இருக்குன்னு சொல்லாதீங்க. கரி கக்குற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அணைஞ்ச மாதிரி தெரியிற கங்குலயும் அது வந்துக்கிட்டே இருக்கும். ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

இவ்வளவையும் தாண்டி ஒருவழியா கறி வெந்து, அரை மணி நேரம் ஆறவிட்டு வெட்டினா, காலையில மூடியைத் தூக்கின அதே ஆள் தட்டோட வந்து நிப்பார். ஓரத்துல விரல் கனத்துக்கு ரோஸ் நிறம் தெரியும். புகையில இருக்கிற நைட்ரிக் ஆக்சைடு கறிக்குச் சிவப்பு குடுக்கிற மயோகுளோபின்கிற புரதத்துல பிடிச்ச நிறம் அது. கோழியிலயும் வரும். கோழி வெந்ததுக்கு அளவு நிறம் இல்லை, கனமான இடத்துல 74 டிகிரி. இதெல்லாம் அவருக்கு எதுக்கு? மீட்டர் 95-ன்னு காட்டிக்கிட்டு இருக்கும், கத்தி பட்டதும் கறி நார் நாரா பிரிஞ்சு விழுந்துக்கிட்டு இருக்கும். ரோஸைச் சுட்டிக்காட்டி, "உள்ள வேகலை போலயே, திரும்ப அடுப்புல வைக்கலாமா?"ன்னு கேப்பார். கேட்டுக்கிட்டே கை மூடிக்குப் போகும்.